ஆயிரம் கேட்டால் 931!

"அண்ணே, ஆயிரம் ஜி.பி.னு காசு வாங்கிட்டு 931தான் குடுத்திருக்கான்!"

ஹார்ட் டிஸ்க் வாங்கிய அச்சங்குளத்துத் தம்பிகள் என்னிடம் சொல்லும் முதல் புகார் இது. பி.காம். மூளையால் கணக்குப் பார்த்தேன். மோசடியே இல்லீங்க! சிவகாசியில் காகிதம் வாங்கினால் 'ரீம் 480 தாளா, 500 தாளா?' என்று கேட்போமே, அதே கதைதான். கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது.

வேகம்? பல டிஸ்க்குகளில் தட்டு நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. சங்குசக்கரம் தோற்றது! அதன்மேல் படாமல் மிதக்கிற 'ஹெட்' ஓர் அதிர்ச்சியில் உரசினால், வருஷம் பூரா போட்ட காலண்டர் டிசைன் காலி. ஓடும்போது அசைக்காதீர்கள். வாரம் ஒரு நகல் எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். பட்டாசு அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுகிற ஊருக்கு இதைச் சொல்லவா வேண்டும்?