படக்கதையும் புதினமும்: பீட்டர் ஓ'டானலை முன்வைத்து

படக்கதை என்றவுடன் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் கற்றோரிடையே இன்றும் உண்டு. ஆயின், படக்கதைக்கு எழுதிப் பழகிய கை உரைநடைப் புதினம் எழுதப் புகும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பது இலக்கியம் பயில்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும். இதற்கு ஆங்கில எழுத்தாளர் பீட்டர் ஓ'டானல் (1920–2010) தக்க சான்றாவார். இப்பெயர் புதிதாகத் தோன்றினும் அவர் படைத்த தலைவி நமக்குப் புதியவள் அல்லள். 1984-இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் இதழாக வந்தது மாடஸ்தி பிளைசியின் கதையே. பாடநூலுக்குள் மறைத்து வைத்து அதனைப் படித்தவர் சிலர் இன்று ஆசிரியர்களாகவும் இருக்கக்கூடும்!

அத்தலைவி உருவான வரலாறு நெஞ்சைத் தொடுவது. 1942-இல் ஓ'டானல் போர்வீரராக ஈரானின் வடபகுதியில் இருந்தார். போரினால் வீடிழந்த அகதிகள் அவ்வழியே சென்றுகொண்டிருந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி துணை எவருமின்றித் தனியே வந்தாள். ஆணி பிணைத்த மரத்துண்டு ஒன்றே அவளுக்குப் படைக்கலம். வீரர்கள் தந்த உணவை உண்டாள், புன்னகைத்தாள், நடந்து மறைந்தாள். அவள் பெயரைக்கூட அவர் அறிந்திலர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், தலைவி ஒருத்தியைப் படைக்க முற்பட்டபோது அச்சிறுமியே அவர் நினைவில் எழுந்தாள்.

1963-இல் இலண்டன் மாலை நாளேடான ஈவினிங் ஸ்டாண்டர்டில் மாடஸ்தி படக்கதை தொடங்கியது. நாளேட்டுப் படக்கதையின் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டங்களே கிடைக்கும். நேற்றைய செய்தியை நினைவூட்டி, இன்றைய நிகழ்வை நகர்த்தி, நாளைக்கு ஆவலைத் தூண்டி அதற்குள் முடித்தாக வேண்டும். காட்சியை விளக்கி ஆசிரியர் எழுதும் சொற்களைப் படிப்பவர் ஓவியர் ஒருவரே. வாசகரை அடைவன உரையாடல்களும் சிறு குறிப்புகளும் மட்டுமே.

புதினம் பிறந்ததோ திரைப்படத்தின் வழியாக. மாடஸ்தி படத்திற்கு ஓ'டானல் எழுதிய திரைக்கதையைப் பிறர் பலவாறு திருத்தினர். அவருடைய எழுத்தில் மிகச் சிறிதே எஞ்சியது. தாம் எண்ணிய கதையை அவர் 1965-இல் புதினமாக வெளியிட்டார். படம் வந்தது 1966-இல். படம் அவருக்கு மனநிறைவு தரவில்லை. புதினமோ ஒரு வரிசைக்கே தொடக்கமாயிற்று.

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு எட்டனையும் ஓவியர் முகத்தில் வரைந்து காட்டிவிடலாம். மெய்ப்பாட்டை வெளிக்காட்டாது அடக்கப் பழகிய ஒருத்தியின் நெஞ்சை எவ்வாறு வரைவது? மாடஸ்தி அத்தகையவள். அகதி முகாம்களில் வளர்ந்த அவளுக்கு அச்சத்தை மறைப்பதே உயிர்வாழும் வழி. அவளுக்கும் தோழன் வில்லி கார்வினுக்கும் இடையிலான உறவு காதலன்று. ஆயினும் காதலினும் ஆழமானது. இதனைக் கட்டத்துக்குள் ஓரிரு சொற்களில் கூறினால் வாசகர் ஐயுறுவர். புதினத்திலோ இருவரும் பேசாதிருக்கும் பொழுதினைக்கூட ஆசிரியரால் எழுத முடிகிறது. எனினும் இழப்பும் உண்டு. முதல் ஓவியர் ஜிம் ஹோல்டவே சில கோடுகளில் உணர்த்திய சண்டைக்குப் புதினத்தில் பத்திகள் பல தேவைப்படுகின்றன. சில இடங்களில் அவை நீண்டும் விடுகின்றன.

ஹோல்டவே 1970-இல் மறைந்தார். பின்வந்த ஓவியர்களின் கையில் மாடஸ்தியின் முகம் மாறியது. புதினத்து மாடஸ்திக்கு அந்த மாற்றம் நேரவில்லை. ஓ'டானல் மேடலின் பிரெண்ட் என்னும் பெண்பெயரிலும் வரலாற்றுக் காதற்புதினங்கள் எழுதினார். அவை தலைவி தன் கதையைத் தானே கூறும் தன்மைக் கூற்றில் அமைந்தவை. படக்கதையில் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருவரை அவ்வாறு பேசவைத்தல் அரிது.

இரு வடிவங்களின் வேறுபாடு முடிவில்தான் தெளிவாகத் துலங்குகிறது. நாளேட்டில் மாடஸ்தி முப்பத்தெட்டு ஆண்டுகள் மூப்பின்றி வாழ்ந்தாள். 2001-இல் தொடர் நிறைவுற்றபோதும் உயிரோடே விடைபெற்றாள். உரைநடையிலோ, 1996-இல் வந்த கடைசி நூலின் இறுதிக் கதையில் அவளுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. தீராத நோயும் பற்றியுள்ளது. தன்னை நம்பியவர்கள் தப்பிச் செல்ல வழிவிட்டு, எதிரிகளைத் தடுத்து நின்று மடிகிறாள். வில்லியும் அங்கேயே வீழ்கிறான்.