"3 மாசமா பாக்கி... இன்னொரு லோடு அனுப்புவீங்களா?"
அக்கவுண்ட் மேனேஜர் இன்டர்வியூவில் திணறும் இளைஞர்கள்!

கள்ளக்குறிச்சி,

"அக்கவுண்ட் மேனேஜர் தேவை" என்று விளம்பரம் வந்தால் போதும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து பி.காம். பட்டதாரிகள் டேலி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து விடுகிறார்கள். பற்று, வரவு, ஐந்தொகை எல்லாம் தலைகீழ்ப் பாடம்! ஆனால் இன்டர்வியூ அறையில் ஐந்தொகையைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

எல்லாம் பெயர் செய்கிற குழப்பம். கணக்கு எழுதுகிறவர் அக்கவுண்டன்ட். அக்கவுண்ட் மேனேஜர் வேறு. கம்பெனியில் தொடர்ந்து சரக்கு எடுக்கும் ஒவ்வொரு பார்ட்டியும் ஒரு "அக்கவுண்ட்". அந்தப் பார்ட்டி கைவிட்டுப் போகாமல் பார்ப்பது, ஆர்டரைப் பெருக்குவது, பாக்கியை வாங்குவது இவர் வேலை. மளிகைக் கடைக்காரருக்கு இது புதிதல்ல. வாடிக்கை பிடித்து வைக்கிற உத்தியோகம்தான். (சில கம்பெனிகள் கணக்குப்பிள்ளைக்கும் இதே பெயர் சூட்டுகின்றன. விளம்பரத்தில் வேலை விவரத்தைப் படித்துவிடுவது நல்லது.)

பொறி வைக்கும் கேள்வி

"பெரிய பார்ட்டி. 3 மாசமா பாக்கி. இப்ப இன்னொரு லோடு கேட்கிறார். அனுப்புவீங்களா?"

அனுப்புவேன் என்றால் பணம் போச்சு. மாட்டேன் என்றால் பார்ட்டி போச்சு! பாக்கி ஏன் நின்றது, சரக்கில் குறையா, அவருக்கே வசூல் வரவில்லையா என்று நேரில் போய் விசாரிப்பேன். ஒரு பகுதியை வாங்கி, மீதிக்குத் தேதி வாங்கி, மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு அனுப்புவேன் என்கிறவரைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

சில இடங்களில் அதிகாரியே கோபக்கார வாடிக்கையாளராக மாறி, "உங்க சரக்கே வேணாம்யா!" என்று கத்துவார். உடனே "டிஸ்கவுண்ட் தர்றேன் சார்" என்று விழுகிறவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம். முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மலைப் பையனின் அனுபவம்

கல்வராயன் மலையில் மரவள்ளி விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகளில் மாவுச்சத்து "பாயிண்ட்" பார்த்துத்தான் கிழங்குக்கு விலை. பாயிண்ட் குறைவு என்று ஆலை சொல்லும். இல்லவே இல்லை என்பார் விவசாயி. உறவு முறியாமல் அந்தத் தகராறைப் பேசித் தீர்ப்பதைப் பார்த்து வளர்ந்த வெள்ளிமலைப் பையன், இன்டர்வியூவில் "எனக்கு அனுபவம் இல்ல சார்" என்கிறான். இதைவிடக் கொடுமை உண்டா?

அதைத்தான் சொல்ல வேண்டும். எத்தனை டன், எவ்வளவு குறைத்தார்கள், யார் பேசினார்கள், கடைசியில் என்ன கிடைத்தது என்று எண்ணோடு சொல்ல வேண்டும். கதை கட்டினால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

பெட்ரோல் யார் தலையில்?

"நீங்க ஏதாவது கேட்கணுமா?" என்றால் "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்துவிடக் கூடாது. எத்தனை பார்ட்டி, மாத டார்கெட் எவ்வளவு, சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, பெட்ரோல் யார் தலையில் என்று கேட்டே ஆகவேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறிப் பார்ட்டியைப் பார்க்கிறவனுக்குப் பெட்ரோல் சின்ன விஷயமா என்ன?

"டெபாசிட் கட்டு, உடனே ஆர்டர்" என்றால் அந்த இன்டர்வியூவே நாடகம். அசல் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. செல்போன் வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.