பாதுகாப்பு தருவோம்னு வந்த ராணுவம். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மக்கள்... மாலியில் என்னதான் ஆச்சு?

2025 நவம்பரில் தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்த ஐந்து தொழிலாளர்கள் மாலி நாட்டில் கடத்தப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். மின் திட்ட வேலைக்குப் போனவர்கள். ராணுவமே ஆளும் நாட்டில் இது எப்படி நடக்கிறது?

கொஞ்சம் பின்னாடி போகணும். மேற்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடு மாலி. 2012 முதல் வடக்கே கிளர்ச்சி, ஜிகாதி தாக்குதல்கள். ஊழலும் சேர்ந்துகொள்ள, தலைநகர் பமாகோவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2020 ஆகஸ்ட் 18 அன்று அதிபர் இப்ராஹிம் பூபக்கர் கெய்ட்டாவைச் சிறைபிடித்தது ராணுவம். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒன்பதே மாதத்தில் இடைக்கால அரசையும் கவிழ்த்து, அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தார் கர்னல் அசிமி கொய்ட்டா.

2022 பிப்ரவரியில் தேர்தல் என்றார்கள். நடக்கலை. அப்புறம் 2024 பிப்ரவரி. அதுவும் தள்ளிப்போனது. 2025 மே மாதம் எல்லா அரசியல் கட்சிகளும் கலைக்கப்பட்டன. ஜூலையில் கொய்ட்டாவுக்கு ஐந்தாண்டு பதவிக்காலம். தேர்தல் இல்லாமலே நீட்டித்துக்கொள்ளலாம்.

சரி, பாதுகாப்பாவது கிடைத்ததா?

பிரெஞ்சுப் படை 2022-ல் வெளியேறியது. ஐ.நா. அமைதிப்படை 2023 இறுதியில் கிளம்பியது. பிரான்ஸ் மீது மக்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் உண்டு. ஒன்பது வருடம் இருந்தும் வன்முறை குறையவில்லை. ஆனால், ராணுவ அரசு அழைத்துவந்தது ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையை. 2022 மார்ச்சில் மௌரா கிராமத்தில் மாலி ராணுவமும் வெளிநாட்டு வீரர்களும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாகச் சொல்கிறது ஐ.நா. அறிக்கை. 2024 செப்டம்பரில் அல்-கொய்தா ஆதரவு அமைப்பான ஜே.என்.ஐ.எம். பமாகோவுக்குள்ளேயே புகுந்து தாக்கியது. அடுத்த மாதமே கொய்ட்டாவுக்குப் பதவி உயர்வு: ஐந்து நட்சத்திர ஜெனரல்! (எந்தப் போரில் ஜெயித்தார்னு கேட்கக் கூடாது.)

2025 செப்டம்பரில் ஜே.என்.ஐ.எம். வியூகத்தை மாற்றியது. நகரத்தைப் பிடிக்க வேண்டாம், பெட்ரோலை நிறுத்தினால் போதும். மாலிக்கு எரிபொருள் வருவது பெரும்பாலும் செனகல், ஐவரி கோஸ்ட் துறைமுகங்களிலிருந்து, லாரிகளில். ராணுவப் பாதுகாப்போடு வந்த டேங்கர்களையே நெடுஞ்சாலையில் கொளுத்தினார்கள். பமாகோ பங்க்குகளில் பைக்குகள் நீண்ட வரிசையில் காத்துக்கிடந்தன. டீசலை நம்பியிருந்த மின்சாரமும் படுத்தது. அக்டோபர் கடைசியில் நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகளை இரண்டு வாரம் மூடினார்கள்.

ஜனநாயக நாட்டிலும் இப்படி நெருக்கடி வரலாம்தான். ஆனால் அங்கே எதிர்க்கட்சி கத்தும், பத்திரிகை கிழிக்கும், அடுத்த தேர்தலில் கணக்கு தீரும். தோற்ற அரசை மாற்றிய மாலியில், இன்னைக்கு ராணுவம் தோற்றால் மாற்ற வழி? இன்னொரு ராணுவப் புரட்சிதான். அந்தப் பயம் ஆட்சியாளர்களுக்கும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் ஆட்சிக்கவிழ்ப்புச் சதி என்று சொல்லி இரண்டு ஜெனரல்கள் உட்படப் பல ராணுவத்தினரைக் கைது செய்தார்கள்.

அதே ஆகஸ்ட்டில் கைதான இன்னொருவர் முன்னாள் பிரதமர் மூசா மாரா. குற்றம்? சிறையில் இருக்கும் அரசியல் கைதிகளுக்கு ஆதரவாக ஒரு சோஷியல் மீடியா பதிவு. பள்ளிகள் மூடிக்கிடந்த அதே வாரத்தில் அவருக்குத் தீர்ப்பு வந்தது: இரண்டு ஆண்டு சிறை, அதில் ஓராண்டு நிறுத்திவைப்பு.