முதுமையில் விழாது நடத்தல்

மனிதன் நடக்கப் பழகுவது ஏறத்தாழ ஒரு வயதில். அப்பருவத்தில் அவன் நாளொன்றுக்குப் பலமுறை விழுகின்றான்; விழுந்தவுடன் எழுந்து நடக்கின்றான். பின்னர் நெடுங்காலம் நடை என்பது நினைவின்றியே நிகழும் ஒரு செயலாகிவிடுகின்றது. ஆனால் அறுபதைக் கடந்தபின், நடையைப் பற்றி மீண்டும் சிந்திக்கவேண்டிய காலம் ஒன்று வருகின்றது. அப்போது விழுதல் சிறுபிள்ளையின் விழுதலைப் போன்றதன்று. ஈரத் தரையில் ஒரு கணம் கால் வழுக்கியதனால், அதுவரை தன் அலுவல்களைத் தானே பார்த்துவந்த ஒருவர் எஞ்சிய காலமெல்லாம் பிறர் கையை எதிர்பார்த்திருக்க நேரலாம்.

அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டுதோறும் ஒரு முறையேனும் விழுகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பாகும். இலங்கையைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் சனத்தொகையில் நூற்றுக்கு 6.6 ஆக இருந்தனர். 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அத்தொகை 12.4 ஆக உயர்ந்தது. முப்பது ஆண்டுகளில் முதியோரின் பங்கு ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. பிள்ளைகள் தொழிலின் பொருட்டும் பிறநாடு சென்றதன் பொருட்டும் பிரிந்திருக்க, முதியோர் இருவரோ ஒருவரோ தனித்து வாழும் வீடுகளும் பலவாகும். அத்தகைய வீடுகளில் விழாது நடத்தல் என்பது வாழ்க்கையைத் தம் கையிலேயே வைத்திருத்தலுக்குச் சமமாகும்.

முதுமையில் மனிதர் ஏன் விழுகின்றனர்? உடலை நிமிர்த்தி நிறுத்துவதில் கண், உட்செவி, பாதம் ஆகிய மூன்றும் ஓயாது மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அச்செய்திகளுக்கேற்பத் தசைகள் இயங்குகின்றன. வயது ஏற ஏற இந்த மூன்றும் சிறிது சிறிதாகத் தளர்கின்றன. கண்மணி சுருங்குவதாலும் வில்லை மங்குவதாலும், இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகின்றது. நீரிழிவு நீண்டகாலம் இருந்தோருக்குப் பாதத்தின் உணர்வு குன்றுகின்றது. தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசை மெலிகின்றது. இளைஞன் தடுக்கினால் மறுகாலை விரைந்து முன்வைத்துத் தப்புகின்றான். முதியவருக்கும் அவ்வாறு செய்யத் தெரியும், ஆனால் கால் உரிய நேரத்தில் முன்வருவதில்லை.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. படுத்திருந்தவர் சடுதியாக எழும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்குகின்றது. இளமையில் இரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி இதனைச் சரிசெய்கின்றன. முதுமையில் இது தாமதிப்பதால் மூளைக்குச் செல்லும் இரத்தம் சில கணங்கள் குறைந்து, கண் இருண்டு, தலை சுற்றுகின்றது. இரவில் சிறுநீர் கழிக்க விரைந்தெழுபவர் கட்டிலருகிலேயே விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதற்குரிய பழக்கம் மிக எளிது. விழித்தவுடன் எழாது, கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் அமர்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்து, பின் ஒன்றைப் பற்றிக்கொண்டு எழவேண்டும். எழுந்த இடத்திலேயே சிறிது நின்று, அதன் பின்னரே நடக்கவேண்டும். இரவில் எழ நேருமென்று அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் அருந்தாதிருக்கும் முதியோர் பலர். முதுமையில் தாகவுணர்வும் மங்குவதால், இவ்வழக்கம் உடலை வரளச்செய்து மயக்கத்தை மேலும் கூட்டுகின்றது. பகலில் வேண்டிய அளவு அருந்தி, மாலைக்குப் பின் குறைத்துக்கொள்வதே தக்கது. நீரைக் கட்டுப்படுத்துமாறு வைத்தியர் கூறிய இருதய, சிறுநீரக நோயாளர் மட்டும் அவர் சொன்ன அளவையே பின்பற்றவேண்டும்.

மருந்துகளும் கவனத்துக்குரியவை. தூக்க மாத்திரைகளும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் சில மாத்திரைகளும் தலைச்சுற்றலை உண்டாக்கலாம். அதற்காக அவற்றைத் தாமே நிறுத்திவிடுதல் பேராபத்து. வெவ்வேறு இடங்களில் பெற்ற மருந்துகள் யாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசென்று, ஒரே வைத்தியரிடம் காட்டி, “இவற்றுள் தலைச்சுற்றலைத் தருவது எது?” என்று கேட்டறிதல் நன்று.

இனி வீட்டை நோக்குவோம். முதியோர் விழும் இடம் பெரும்பாலும் அவர்கள் நாற்பது ஆண்டு நடந்து பழகிய வீடே. கிணற்றடிச் சீமெந்தில் மாரிகாலத்தில் பாசி படர்கின்றது. அதனைக் கிழமைக்கொருமுறை தேய்த்துக் கழுவவேண்டும். குளியலறை வாசலில் கால் துடைக்க மடித்துப் போடும் பழஞ்சாக்கு ஈரத்தில் நழுவும். அதற்குப் பதிலாக அடியில் இறப்பர் பிடித்த கால்மிதியை இடலாம். நீர் நிரம்பிய வாளியைத் தூக்குவதைக் காட்டிலும், சிறு கதிரையொன்றில் அமர்ந்து குவளையால் அள்ளிக் குளிப்பது பாதுகாப்பானது. குந்தியிருக்கும் மலசலகூடத்தில் எழும்புவதற்குச் சுவரில் ஓர் இரும்புக் குழாயைக் கிடையாகப் பொருத்தினால், ஒரு மேசனின் அரைநாள் வேலையில் பல ஆண்டுகளுக்கான காவல் கிடைக்கின்றது. துவாய் போடும் மெல்லிய தடியை அதற்குப் பயன்படுத்தலாகாது; உடற்பாரம் விழும் கணத்தில் அது கையோடு பெயர்ந்துவரும்.

படுக்கையறையிலிருந்து மலசலகூடம் வரையுள்ள வழியில் இரவு முழுவதும் எரியும் சிறு மின்குமிழ் ஒன்று வேண்டும். மின்சாரம் தடைப்படும் நாட்களுக்குத் தலையணை அருகே கைமின்விளக்கும் இருத்தல் நலம். உயர்ந்த நிலைப்படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு தீட்டினால் மங்கிய கண்ணுக்கும் அது புலப்படும். பிளாஸ்ரிக் கதிரையின் கையைப் பற்றி எழும்புவோர் அக்கதிரையுடனேயே சரிவது உண்டு. முதியவர் அமரும் கதிரை பாரமானதாயும், கையுள்ளதாயும், முழங்கால் உயரத்துக்குக் குறையாததாயும் இருக்கவேண்டும். நிலத்தில் புரளும் சேலையும் சாரமும் கணுக்காலுக்கு மேல் நிற்கவேண்டும். தேய்ந்த இறப்பர்ச் செருப்பு வழுக்கும். குதிக்காலைப் பற்றிநிற்கும் வார் உள்ள செருப்பே உகந்தது.

ஊன்றுகோலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். ஔவையாரைச் சித்திரிப்போர் அவர் கையில் கோலைக் கொடுக்க மறப்பதில்லை; அதனால் அவர் பெருமை குறைந்ததாக எவரும் எண்ணுவதுமில்லை. ஆயினும் நம் முதியோர் பலர் ஊன்றுகோலைத் தோல்வியின் அடையாளமாகக் கருதுகின்றனர். அதற்குப் பதிலாகச் சிலர் வெயிலில்லாத வேளையிலும் குடையை எடுத்துச் செல்கின்றனர். மழைக்கும் வெயிலுக்கும் குடை நல்ல துணையே. ஆனால் ஊன்றுவதற்கு அது ஏற்றதன்று. அதன் கூரிய உலோக முனை சீமெந்திலும் ஈரத்திலும் வழுக்கும். விரித்துப் பிடித்தபின்போ ஊன்ற எதுவும் இல்லை.

ஊன்றுகோலுக்கு அளவு உண்டு. வழக்கமான செருப்பை அணிந்து, நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகின்றதோ அந்த உயரத்தில் கோலின் பிடி இருக்கவேண்டும். அதனைப் பற்றும்போது முழங்கை சிறிது மடிந்திருக்கும். கோல் நீண்டால் தோள் உயர்ந்து வலிக்கும். குறுகினால் உடல் கூனி முன்சாயும். தந்தையார் பாவித்த கோலைப் பரண்மீதிருந்து எடுத்துக் கொள்பவர், அதனைத் தம் உயரத்துக்கு அறுத்துக் கொள்ளவேண்டும். உலோகக் கோல்களில் உயரத்தை மாற்றும் துளைகள் உண்டு. அடியிலுள்ள இறப்பர்ப் பூணே கோலின் உயிர். துவிச்சக்கர வண்டியின் சில்லைப் போல் அதுவும் தேய்ந்து வழுவழுப்பாகும். அப்போது சிறு செலவில் புதியதை மாற்றிக்கொள்ளலாம்.

கோலை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பலர் தவறுகின்றனர். வலியுள்ள கால் இடதானால், கோல் வலக்கையில் இருக்கவேண்டும். இது முதலில் முரணாகத் தோன்றலாம். ஆனால் நடக்கும்போது இடக்காலோடு வலக்கையே இயல்பாக முன்செல்கின்றது. கோலும் நோயுற்ற காலும் ஒருங்கே நிலத்தில் ஊன்றும்போது உடற்பாரம் இரண்டுக்கும் பகிரப்பட்டு, இடுப்பு மூட்டின் சுமை குறைகின்றது. படியேறும்போது நல்ல கால் முதலில் மேலே செல்லவேண்டும். இறங்கும்போது கோலும் வலியுள்ள காலும் முதலில் இறங்கவேண்டும். ஒரு கோல் போதாத நிலையில் நான்கு கால்களுள்ள நடைச்சட்டம் உதவும். எது பொருந்தும் என்பதை வைத்தியசாலையின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பகுதியில் கேட்டறியலாம்.

மூக்குக்கண்ணாடியும் ஒரு துணைக்கருவியே. எனினும் மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி வாசிப்புக்குமாக அமைந்த கண்ணாடியை அணிந்து படியிறங்குவோர், கீழ்ப்பாதியினூடாகப் படியைப் பார்ப்பதால் அது மங்கித் தோன்றும். அவர்கள் தலையைக் குனிந்து மேற்பாதியினூடாகப் பார்த்து இறங்கவேண்டும். கண்ணில் வெண்புரை முற்றியிருப்பின் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.

கருவிகளிலும் மேலானது கால்களின் வலிமை. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பேராய்வு, பல நாடுகளில் நடந்த நூற்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. உடற்பயிற்சி முதியோர் விழும் தடவைகளை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைக்கின்றது என்பது அதன் முடிபு. இதற்கென விளையாட்டுத் திடலுக்குச் செல்லவேண்டியதில்லை. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல் தொடைத் தசையை வளர்க்கும். குசினி மேசையைப் பற்றிக்கொண்டு குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துதல், ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நிற்றல், ஒரு பாதத்தின் விரலோடு மறுபாதத்தின் குதிக்காலைச் சேர்த்து நேர்கோட்டில் நடத்தல் ஆகியவை சமநிலையைப் பேணும். சமநிலையும் வலிமையும் தரும் இத்தகைய பயிற்சிகளைக் கிழமைக்கு மூன்று நாட்களேனும் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தசைக்கு உணவும் வேண்டும். பல் விழுந்ததும் கஞ்சியும் தேநீருமே போதுமென்று இருந்துவிடாது, அவித்த பயறு, கடலை, முட்டை, மீன் என்பவற்றை மென்மையாக்கி உண்ணவேண்டும். குரக்கனும் முள்ளோடு உண்ணும் நெத்தலியும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைத் தருகின்றன; காலை வெயிலில் சிறிது நேரம் உலாவுதலும் எலும்புக்கு நன்மையே.

இவ்விடத்தில் குடும்பத்தார் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. முதியவர் ஒருமுறை விழுந்துவிட்டால், “நீங்கள் இருங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சாய்மனைக் கதிரையில் அமர்த்திவிடுகின்றோம். இது அன்பினாலேயே செய்யப்படுகின்றது. ஆனால் இதன் விளைவு என்ன? 2007ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சராசரி அறுபத்தேழு வயதுடைய சுகதேகிகள் பத்து நாட்கள் படுக்கையில் இருத்தப்பட்டனர். அப்பத்து நாட்களில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசையை இழந்தனர். நோயற்றவருக்கே இதுவென்றால், மாதக்கணக்காக அமர்த்தப்பட்டவரின் கால்கள் என்னாகும்? அவர் அடுத்தமுறை எழும்போது விழுவதற்கு நம் அன்பே வழிசெய்துவிடுகின்றது. பூசைக்குப் பூப்பறித்தல், பூமரங்களுக்கு நீர் விடுதல், மூலைக் கடைக்குப் போய்வருதல் முதலிய சிறு கடமைகளை அவர்களிடமிருந்து பறிக்கலாகாது. வழியைச் சீராக்கி, கோலைக் கையில் கொடுத்து, முதற் சில நாட்கள் அருகே நடந்துவருவதே உண்மையான உதவி.

இவ்வளவு கவனமிருந்தும் ஒருவர் விழக்கூடும். அப்போது ஓடிச்சென்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தலாகாது. முதலில் எங்கே வலிக்கின்றது என்று கேட்கவேண்டும். இடுப்பில் கடும் வலியும், ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பிய தோற்றமும் இருப்பின், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அவரை அசைக்காது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, இலவச நோயாளர் காவுவண்டியை வரவழைக்கவேண்டும். எண்ணெய் தடவிக் கட்டி நாட்களைக் கடத்துதல் இம்முறிவுக்கு ஆகாது. பெரும்பாலும் விரைவான சத்திரசிகிச்சையே அவரை மீண்டும் நடக்கவைக்கும். காயமேதும் இல்லையெனின், அவர் ஒருபக்கம் புரண்டு, முழந்தாளிலும் கைகளிலும் நின்று, பாரமான கதிரையொன்றை அணுகி, அதனைப் பற்றி ஒரு பாதத்தை ஊன்றித் தாமாக எழலாம். எழுந்தபின் அந்த விழுதலை மறைக்காது வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். திட்டுவார்கள் என்றும், வெளியே போகவிடமாட்டார்கள் என்றும் அஞ்சி மறைப்போர் பலர். அவர்கள் அஞ்சாது சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்கின்றதா என்பதை இளையோர் எண்ணிப்பார்க்கவேண்டும்.

வீட்டில் முதியவர் உள்ள ஒவ்வொருவரும் இன்றிரவே ஒரு காரியம் செய்யலாம். விளக்குகளை அணைத்தபின், அவர் படுக்கையிலிருந்து மலசலகூடம் வரை அவர் நடக்கும் வழியே மெதுவாக ஒருமுறை நடந்து பார்க்கட்டும். காலில் இடறுவது எது, கை பற்றத் தேடும் இடம் எது, ஒளி இல்லாத மூலை எது என்பது அப்போது தெரியவரும். விடிந்ததும் செய்யவேண்டிய வேலை இன்னதென்பதை அந்த நடையே சொல்லிவிடும்.