முன்செல்லும் லாரிக்கும் லாபம்!

நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது, பெரிய லாரி ஒன்றின் பின்னே வந்ததும் எதிர்காற்று அடங்கிவிடுவதை நீங்கள் உணர்ந்திருக்கக் கூடும். அது மனப்பிரமை அன்று.

லாரி விரையும்போது அதன் தட்டையான முகப்பில் காற்று நெருக்குண்டு எதிர்த்துத் தள்ளுகிறது. பின்புறத்திலோ, காற்று உடனே வந்து நிரம்ப இயலாமல் அழுத்தம் குறைகிறது. அக்குறைவு வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. வேகம் இருமடங்கானால் இந்த எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. டீசலில் ஒரு பெரும் பங்கு காற்றோடு மல்லுக்கு நிற்கவே செலவாகிறது எனலாம்.

இரண்டு லாரிகள் நெருங்கிச் சென்றால், பின்னதற்கு எதிர்ப்புக் குறையும் என்பது எளிதில் விளங்கும். முன்னதற்கும் குறைகிறது என்பதே வியப்பு! பின் லாரியின் முகப்பில் நெருக்குண்ட காற்று, முன் லாரியின் பின்னுள்ள அழுத்தக் குறைவை ஓரளவு ஈடுசெய்து, இழுப்பைத் தணிக்கிறது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்கூடம் 2014இல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, முன் லாரி 5.3 சதவீதம் வரையும், பின் லாரி 9.7 சதவீதம் வரையும் எரிபொருளை மிச்சப்படுத்தின. ஆனால் மிக நெருங்கியபோது, பின் லாரியின் இன்ஜினைக் குளிர்விக்கக் காற்றுப் போதாமல் விசிறி ஓடத் தொடங்கி, லாபத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளைகள் லாரியை ஒட்டி வண்டி ஓட்டத் துணிந்துவிடக் கூடாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 22 மீட்டர். முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு நம் கால் பிரேக்கை மிதிப்பதற்குள் அத்தூரம் கடந்துவிடும். இவ்வாறு இணைந்து ஓடும் லாரிகளிலோ ரேடாரும் ரேடியோத் தொடர்பும் உண்டு. முன்னது பிரேக் பிடித்த கணமே பின்னதும் பிடிக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அத்தகைய இணைப்பு ஏது?

2016 ஏப்ரலில் ஐரோப்பாவின் ஆறு லாரி நிறுவனங்கள் தத்தம் லாரிகளை இப்படி அணிவகுத்து, பல நாடுகளின் எல்லை கடந்து, நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்திற்கு ஓட்டிவந்தன. அவற்றுள் ஒன்றான டைம்லர், 2019 ஜனவரியில் இம்முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. சாலையில் அணி பிரிந்துவிட்டால், மீண்டும் சேர்வதற்காக லாரிகள் வேகமெடுக்க வேண்டியிருக்கிறது. மிச்சமான எரிபொருள் அதிலேயே கரைந்துவிடுகிறது என்பது அந்நிறுவனம் கூறிய காரணம்.