ஒரு நொடிக்குள் அறுபது முடிவுகள்

2003இல் மொரிமோட்டோ என்ற ஜப்பானியர், 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' விளையாட்டைச் சுமார் 11 நிமிடங்களில் முடிக்கும் காணொளியை வெளியிட்டார். பலர் அதை மனித விரல்களின் சாதனை என்றே நம்பினார்கள். பழைய இயந்திரத்தைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டர் மென்பொருளில் இம்மி இம்மியாகக் கோத்தது என்று தெரிந்ததும் ஏமாற்று என்று கொதித்தார்கள். இந்தக் கலைக்கு டூல் அசிஸ்டட் ஸ்பீட்ரன், சுருக்கமாக டாஸ் என்று பெயர். என் பார்வையில் இது ஏமாற்று அல்ல, ஓர் இயந்திரத்தின் எல்லையை அளக்கும் ஆய்வு. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கணினி கற்கும் இளைஞர்களுக்கு இதைவிட மலிவான ஆய்வுகூடம் கிடைப்பது அரிது.

நிண்டெண்டோவின் பழைய என்.இ.எஸ். இயந்திரத்துக்குப் பிரதான நினைவகம் 2 கிலோபைட், கைப்பிடியில் 8 பொத்தான்கள், திரையில் நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம்கள், அதாவது படச்சட்டங்கள். தொடக்க நிலையும் பொத்தான்களை அழுத்தும் வரிசையும் மாறாவிட்டால் விளைவும் மாறாது. மருதமுனைக் கைத்தறியில் அதே பாவை ஏற்றி, அதே ஊடையோடு அதே வரிசையில் மிதித்தால் அதே கோலம் விழுவதைப் போன்றது இது. ஆகவே டாஸ் கலைஞர் உருவாக்குவது காணொளியை அல்ல. எந்த ஃபிரேமில் எந்தப் பொத்தான் என்ற பட்டியலை. தொடங்குவதற்கு எஃப்.சி.இ.யு.எக்ஸ். அல்லது பிஸ்ஹாக் என்ற இலவச எமுலேட்டர் போதும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துவது, நிலையைச் சேமித்துப் பின்னோக்கிச் செல்வது, நினைவகத்தில் வேகமும் இடமும் எந்த எண்களாக இருக்கின்றன என்று கண்காணிப்பது ஆகிய மூன்றையும் முதலில் பழக வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் மென்பொருளையும் காப்பதால், ஆக்கியோரே இலவசமாகத் தரும் சிறிய விளையாட்டொன்றில் தொடங்குவது நேர்மையானது.

ஏமாற்று என்ற குற்றச்சாட்டுக்கு ஒரே பதில்தான்: மனித ஆட்டம் என்று சொல்லிக் காட்டினால் அது ஏமாற்று, கருவியைச் சொல்லிவிட்டுக் காட்டினால் ஆய்வு. இந்த ஆய்வு பொய்யைத் தோலுரித்தும் இருக்கிறது. அட்டாரி 2600இன் 'டிராக்ஸ்டர்' பந்தயத்தில் 1982 முதல் 5.51 நொடி என்றொரு சாதனை பதிவில் நின்றது. 2017இல் அதன் நிரலை ஆராய்ந்தபோது எந்த அழுத்தத்தாலும் 5.57க்குக் கீழே போக முடியாது என்று தெரிந்தது. 2018இல் அந்தச் சாதனை நீக்கப்பட்டது. மனிதத் திறமையை டாஸ் மதிப்பிழக்கச் செய்யும் என்பாரும் உண்டு. நடந்தது நேர்மாறு. முதல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' பெரும்பாலான கட்டங்களின் முடிவை 21 ஃபிரேமுக்கு ஒரு முறைதான் கணக்கில் எடுக்கிறது. அதனால் பத்து ஃபிரேம் மிச்சம்பிடித்தும் பயனில்லாமல் போகலாம். இத்தகைய நுட்பங்களைக் கற்ற ஆட்டக்காரர்களில் ஒருவரான நிஃப்ட்ஸ்கி 2021இல் 4 நிமிடம் 55 நொடிக்குள் ஆட்டத்தை முடித்தார். கருவியின் எல்லைக்கும் அவருக்கும் ஒரு நொடிகூட இடைவெளி இல்லை.

வீண்பொழுது என்ற கவலை நியாயமானது, நேரவரம்பும் வேண்டும். ஆனாலும் ஊகித்து, சோதித்து, தவறை நீக்கி, மீண்டும் அளப்பதுதான் இங்கே அன்றாட வேலை. நிரலாக்கம் கேட்கும் பொறுமையும் அதுவே. ஆகவே முதல் முயற்சிக்கு ஒரேயொரு கட்டத்தை எடுங்கள், மிச்சப்படும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் காரணத்தை எழுதுங்கள், பயன்படுத்திய கருவியின் பெயரை மேலேயே குறியுங்கள்.