வெள்ளைக்காரன் மரமும் விட்டுப்போன ஒரு பதிவும்



ஞாயிறு நிகழ்ச்சியில் "இப்போது என்ன புத்தகம் வாசிக்கிறீர்கள்?" என்று நான் உங்களிடம் கேட்பது வழக்கம். போன மாதம் ஈஸ்ற்ஹாமிலிருந்து அழைத்த ஓர் அம்மா கேள்வியை என் பக்கம் திருப்பிவிட்டார். "தம்பி, எங்களைக் கேக்கிறியள், நீங்கள் என்ன வாசிக்கிறியள்?" நேரம் முடிகிறது என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டுத் தப்பிவிட்டேன். அந்தப் பதிலை இந்த மடலில் எழுதலாம் என்று நினைத்தேன்.

ஜனவரி 31 வரை வரிக் கணக்குகளோடு மல்லுக்கட்டும் எனக்கு மாசியில்தான் புத்தகம் கைக்கு வரும். இம்முறை இரண்டு. ஒன்று மகள் தந்தது: வி. வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரதர்லெஸ் நைற்' என்ற நாவல். 2023இல் வந்து, 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்றது. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்க விரும்பிய ஒரு பெண்ணின் கதை. நல்ல எழுத்து, ஆனால் பாதியில் வைத்திருக்கிறேன். சில பக்கங்களை இரவில் வாசித்தால் நித்திரை வராது.

மற்றது 1681இல் இங்கே லண்டனில் அச்சான புத்தகம். றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி எழுதியது. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் பெயர் கேட்டிருப்பீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

சுருக்கம் இதுதான். 'ஆன்' என்ற கப்பல் 1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்தது. அதைச் சரிசெய்யத் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு வந்தபோது, 1660இல், இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்டனையும் அவர் மகனையும் இன்னும் பலரையும் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுபோய் ஊர் ஊராகப் பிரித்து வைத்தார்கள். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அடுத்த வருடம் தகப்பன் காய்ச்சலில் இறந்தார். அடக்கம் செய்ய மகன் உதவி கேட்டபோது, ஊரார் மாடு கட்டும் கயிறு ஒன்றை அனுப்பினார்களாம், கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போகும்படி. மகன் தப்பியது 1679இல். அதுவரை சிறைக்கூடம் என்று ஒன்றில்லை. வீடு கட்டலாம், தொழில் செய்யலாம், நாட்டை விட்டுப் போக மட்டும் முடியாது. விசா முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

கணக்காளன் என்றபடியால் அவருடைய வரவு செலவுப் பக்கங்களில்தான் நான் நெடுநேரம் நின்றேன். தொப்பி பின்னப் பழகி விற்கிறார். நூல் செலவு மூன்று பென்ஸ், விற்பனை ஒன்பது பென்ஸ், ஒரு தொப்பிக்கு ஆறு பென்ஸ் மிச்சம். பிறகு எல்லாக் கைதிகளும் தொப்பி பின்னத் தொடங்க, விலை விழுந்துவிடுகிறது. (ஒரே தெருவில் நாலாவது பலசரக்குக் கடை திறக்கும் நம்மவர்கள் வாசிக்கவேண்டிய இடம்.) அடுத்து நெல்லைக் கடன் கொடுக்கிறார், வருடத்துக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி. பாவம் கைதி என்று நினைத்துக்கொண்டு வந்தவன் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

இந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான். தகப்பன் நொக்ஸ் தனக்கு ஊழியம் செய்யப் போட்டோ நோவோவிலிருந்து கூட்டிவந்த ஒரு கறுத்தப் பையன். போட்டோ நோவோ என்பது நமது பரங்கிப்பேட்டை, சிதம்பரத்துக்குக் கிட்ட. தமிழ்ப் பையனாக இருக்கலாம் என்பது என் ஊகம், புத்தகம் அதைச் சொல்லவில்லை. எசமான் கைதியானதும் பையன் சொல்வழி கேட்கவில்லை என்று நொக்ஸ் குறைப்படுகிறார்.

நொக்ஸிடம் இருந்தவை இரண்டே சமயப் புத்தகங்கள். திரும்பத் திரும்ப வாசித்துக் கிட்டத்தட்ட மனப்பாடம். ஒருநாள் அவர் மீன்பிடித்துக்கொண்டிருக்கையில் வழியால் வந்த கிழவர் ஒருவர், உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று பையனிடம் விசாரிக்கிறார். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டுப் போனபோது அவர் கையில் கிடைத்த புத்தகம் ஒன்று இருக்கிறதாம். பையன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறான். முன்பு ஆங்கிலேயரிடம் வேலை செய்தவன் என்பதால் என்ன புத்தகம் என்று அவனுக்குத் தெரிகிறது. பைபிள் என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறான். நொக்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டு எதிரே போகிறார். கையிலிருப்பது ஒரேயொரு பொற்காசு. அதையே கொடுத்துவிடத் தயாராகிறார். பையன்தான் தடுக்கிறான்: காசு வேறு தேவைக்கு வேண்டும், கிழவருக்கு முன்னால் புத்தகத்தைப் பெரிதாக மதிக்காதமாதிரி இருங்கள், நான் குறைந்த விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறான். முடிவில் பின்னிய தொப்பி ஒன்றுக்கு அந்தப் பைபிள் கைமாறுகிறது.

அந்தப் பையனின் பெயர் என்ன? அதே புத்தகத்தில், நொக்ஸோடு தப்பியவரின் பெயர் இருக்கிறது: ஸ்ரீபன் றட்லண்ட். அவர் வளர்த்த சிறுமியின் பெயர்கூட இருக்கிறது, லூசியா. பைபிளை வாங்கிக் கொடுத்தவன் புத்தகம் முழுவதும் 'பையன்'தான்.

இதைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொன்று நினைவுக்கு வந்து அந்தக் கோபம் அடங்கிவிட்டது.

1993இல் இங்கே வரும் வழியில் மொஸ்கோவில் நாலு மாதம் ஓர் அறையில் பதினொரு பேர் இருந்தோம். ஏஜென்சிக்காரர் வருவார், அடுத்த கிழமை என்பார், போய்விடுவார். என்னிடம் பிளாஸ்டிக் உறைக்குள் பி.கொம். சான்றிதழ். அறை முழுவதற்கும் ஒரே புத்தகம், 'பொன்னியின் செல்வன்', அதுவும் இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' மட்டும். யார் கொண்டுவந்தது என்று தெரியாது. முன்கதை தெரியாமல் வாசித்தவர்கள் திண்டாடினார்கள். எங்களில் வயதில் குறைந்த பொடியன் ஒருவன் ஐந்து பாகத்தையும் வாசித்தவன். தினம் இரவு விளக்கணைந்தபின் முதற் பாகத்தைச் சொல்லி முடித்து, பிறகு மூன்றிலிருந்து தொடங்கினான். கதை 'மணிமகுடம்' வரை வந்தபோது எனக்குப் பயணம் சரிவந்தது.

அவன் மூதூர்ப் பக்கம். "எங்கட ஊரில வெள்ளைக்காரன் மரம் எண்டு ஒண்டு அண்ணன், அதுக்குக் கீழதான் ஒரு வெள்ளைக்காரக் கப்டனைப் பிடிச்சதாம், கல்லில எழுதியிருக்கு" என்பான். நாங்கள் சிரித்தோம். கல் 1893இல் நட்டது என்று இப்போது வாசித்து அறிகிறேன். நொக்ஸைத் தேடி எடுத்ததே அந்த நினைவில்தான்.

அவனை நாங்கள் 'மூதூர்த் தம்பி' என்றே கூப்பிட்டோம். பெயர் கேட்டிருப்பேன், தெரிந்துமிருக்கும். இன்று நினைவில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மொஸ்கோக் கதையை என் பிள்ளைகளுக்குப் பலதரம் சொல்லியிருக்கிறேன், இந்த வானொலியிலும் இரண்டு தரம். அவற்றில் இருட்டில் இருந்து கதை சொன்னவன் நான். எப்படி அப்படி மாறியது என்று தெரியவில்லை. முதலில் 'நாங்கள் கதை சொல்லிக்கொண்டிருந்தோம்' என்றிருக்கும், பிறகு 'நாங்கள்' என்பது 'நான்' ஆகியிருக்கும். மகளிடம் போன கிழமை உண்மையைச் சொன்னேன். "அப்ப அவருக்கு என்ன நடந்தது அப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. கணக்கில் பழைய பெரிய பிழை தெரியவந்தால் முந்திய ஆண்டுத் தொகையையும் திருத்தியே எழுதவேண்டும் என்பது எங்கள் தொழில் விதி.

நொக்ஸ் தப்பிவரும் பகுதியை இன்னொரு நாள் பேசுவோம். அநுராதபுரத்துக்கு வருகிறார், அங்குள்ளவர்களுக்குச் சிங்களம் விளங்கவில்லை. மலபார்கள் என்கிறார், அக்காலத்து ஐரோப்பியர் தமிழரைச் சொன்ன பெயர். அவர்கள் கண்ணில் பட்டுப் பிடிபடுவோமோ என்று பயந்து பயந்து ஆற்றங்கரைக் காட்டால் அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேருகிறார். நம்மைப் பார்த்து ஒருவர் பயந்ததை வாசிப்பதும் ஓர் அனுபவம்தான். 1720இல் இறந்து, விம்பிள்டனில் அடக்கமானார். பிள்ளையார் கோயிலுக்கு விம்பிள்டன் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

1993 தை முதல் சித்திரை வரை மொஸ்கோவில் எங்களோடு அந்த அறையில் இருந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள், இந்த மடலைப் பார்த்தால் நிலையத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். மூதூர்க்காரர், அப்போது பத்தொன்பது இருபது வயது, மெலிந்தவர், இடது கையால் எழுதுவார். பெயர் தெரியவேண்டும்.